சைக்கிள் ரிம்முக்கு வீட்டிலேயே வர்ணம் பூசலாம்



உரம் வைப்பது, பூச்சிக்கு மருந்தடிப்பது என்று பேச வேண்டிய வேளாண்மை அலுவலர், இன்றைக்குச் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். மண்வெட்டி, கொடுவாள், மருந்து தெளிப்பான் போலச் சைக்கிளும் ஒரு பண்ணைக் கருவிதான். ஓமலூர், காடையாம்பட்டி, தாரமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் விடிவதற்கு முன்னால் பால் கேன் சொசைட்டிக்குப் போவது அதிலேதான். மல்லிகை மொட்டு மார்க்கெட்டுக்குப் போவதும், புல்லுக்கட்டும் உர மூட்டையும் தோட்டத்துக்குப் போவதும் அதிலேதான். மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்த பிறகும், பெட்ரோல் கேட்காத இந்த வண்டி இன்னும் ஓய்ந்து விடவில்லை.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06-லிருந்து அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு படிக்கும் எல்லாருக்கும் என்று ஆயிற்று. அந்தப் பிள்ளைகள் படிப்பை முடித்துப் போன பிறகும் சைக்கிள் வீட்டிலேயே நிற்கிறது. தாழ்வாரத்தில், மாட்டுக் கொட்டகை ஓரத்தில், மழையிலும் வெயிலிலும் நின்று, முதலில் துருப்பிடிப்பது எது? ரிம்தான். புது ரிம் வாங்கிக் கம்பி கோர்த்துக் கோட்டம் எடுக்க ஆகும் செலவை நினைத்து வண்டியையே ஓரம் கட்டிவிடுகிறோம். இல்லாவிட்டால் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்த பெயின்ட்டில் மிச்சத்தை எடுத்து ரிம் முழுக்கத் தடவிவிடுகிறோம். முதல் வழி நஷ்டம். இரண்டாவது வழி ஆபத்து. முறையாகச் செய்வது எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் துரு என்றால் என்ன என்று பார்ப்போம். இரும்பும், காற்றில் உள்ள பிராண வாயுவும், ஈரமும் சேர்ந்தால் துரு. மூன்றில் ஒன்றைத் தடுத்தாலும் துரு வராது. நமது செம்மண் ஏன் சிவப்பாக இருக்கிறது? அதில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருக்கிறது. துருவும் அதே வகைப் பொருள்தான். கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது உங்களுக்குத் தெரியும். தாதுவை உருக்கி இரும்பாக்குகிறோம். விட்டால் இரும்பு மறுபடியும் மண்ணாகப் பார்க்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் டவுன் சைக்கிளைவிடக் காட்டுச் சைக்கிள் சீக்கிரம் துருப்பிடிக்கிறதே, ஏன்? அதற்குக் காரணம் நாம் ஏற்றும் சுமை. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. ஓட்டை மூட்டையிலிருந்து சிந்தும் உரத்தூள் ரிம்மின் மடிப்பில் தங்கினால், அங்கே எப்போதும் உப்பு ஈரம் இருக்கும். மாட்டு மூத்திரமும் சாணமும் அப்படியே. உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள ஊரில் அந்தத் தண்ணீரிலேயே சைக்கிளைக் கழுவி நிறுத்துகிறோம். எல்லாம் ரிம்முக்கு எமன்.

மயில்துத்தம் இதையெல்லாம்விட மோசம். போர்டோ கலவை தயாரிக்கிறவர்களுக்கு ஒரு சோதனை தெரியும். கலவையில் இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் கத்தியின் மேல் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அந்தச் செம்பு எப்படிப் படிகிறது தெரியுமா? கத்தியிலிருந்து இரும்பு கரைந்து போகிறது, அந்த இடத்தில் செம்பு வந்து உட்காருகிறது. மயில்துத்தக் கரைசல் கேரியரிலிருந்து சொட்டினால் ரிம்முக்கும் இதே கதிதான். ஆகவே மருந்து, உரம் ஏற்றிய அன்றைக்கு நல்ல தண்ணீரில் ரிம்மை ஒரு தரம் அலம்பித் துணியால் துடைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதித் துருவைத் தடுக்கும்.

"பளபளவென்று மின்னுகிற ரிம் எப்படிங்க சார் துருப்பிடிக்கும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. ரிம்மின் உடம்பு சாதாரண எஃகு. மேலே நிக்கல் முலாம், அதற்கும் மேலே மிக மெல்லிய குரோமியம் முலாம். சேலம் உருக்காலையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிறார்களே, அதில் குரோமியம் உலோகத்தின் உள்ளேயே, முழுக்கக் கலந்திருக்கும். கீறினாலும் துருப்பிடிக்காது. சைக்கிள் ரிம்மில் குரோமியம் வெறும் சட்டைதான். சட்டை கிழிந்தால் உடம்புக்குக் குளிர் ஏறும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வழியாக ஈரம் இறங்கி, உள்ளே எஃகு துருப்பிடித்து, முலாமை மேலே தள்ளும். முதலில் கடுகு மாதிரிப் புள்ளி. பிறகு வெங்காயத் தோல் மாதிரி உரியும்.

இனி வேலைக்கு வருவோம். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ரிம்மைப் பார்த்து அது எந்த ரகம் என்று முடிவு செய்யுங்கள். மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம்: முலாம் நன்றாக இருக்கிறது, கடுகுப் புள்ளி மட்டும் ஆங்காங்கே. இதற்குப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற புளியைக் கொஞ்சம் நீர் விட்டுத் தடவி, பத்து நிமிஷம் விட்டு, துணியால் தேயுங்கள். புளியின் அமிலம் மேல் துருவை எடுத்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலம்பி, ஈரமில்லாமல் துடைத்து விடுங்கள். புளி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே மறுபடியும் துருவை வரவழைக்கும்.

இரண்டாவது ரகம்: முலாம் உரிந்து, துரு பரவியிருக்கிறது. ஆனால் உலோகம் உறுதியாக இருக்கிறது. இதற்குத்தான் வர்ணம்.

மூன்றாவது ரகம்: துரு உலோகத்தையே தின்றுவிட்டது. இதைக் கண்டுபிடிக்க டயரைக் கழற்றி, உட்பள்ளத்தில் நிப்பிள் ஓட்டைகளைச் சுற்றிப் பாருங்கள். ஆணி முனையால் அழுத்தினால் பொரிந்து உதிர்கிறதா? நிப்பிள் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா? பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்து உலோகம் பள்ளமாகிவிட்டதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த ரிம் பழைய இரும்புக் கடைக்குத்தான். புழு அரித்த விட்டத்துக்குச் சுண்ணாம்பு அடித்து என்ன பயன்? பெயின்ட் துருவை மறைக்கும், பலம் கொடுக்காது. 20 லிட்டர் கேன் இரண்டில் பால் ஏற்றினால் பால் மட்டும் சுமார் 41 கிலோ. ஆள் 60 கிலோ, வண்டி 20 கிலோ. கேன் எடையை விட்டாலும் 120 கிலோவுக்கு மேல். அவ்வளவையும் தாங்குவது இரண்டு ரிம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்ததாக, இன்றைய பேச்சிலேயே முக்கியமான விஷயம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிரேக் கட்டை உராய்கிற இடத்தில் பெயின்ட் படக் கூடாது.

எந்த இடம் அது? வண்டிக்கு வண்டி மாறும். பழைய கனத்த வண்டிகளில் ஹேண்டில் பாரிலிருந்து இரும்புக் கம்பி இறங்கும் பிரேக் இருக்கும். அதில் கட்டை ரிம்மின் உட்பக்கத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தை, போக்ஸ் கம்பிகளுக்கு இருபுறமும் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். கேபிள் வைத்த வண்டிகளில் கட்டை இரண்டு பக்கவாட்டிலும் இடுக்கி மாதிரிக் கவ்வும். உங்கள் வண்டியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே, கட்டை தொடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சக்கரம் முழுக்க அந்த அகலத்துக்கு விட்டுவிட வேண்டும். டிரம் பிரேக், டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் கட்டை ரிம்மைத் தொடுவதே இல்லை. அந்தச் சக்கரத்தில் மட்டும் ரிம் முழுக்கப் பூசலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பிரேக் வேலை செய்வது ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையிலான உராய்வால். நடுவில் பெயின்ட் இருந்தால், உராய்வின் சூட்டில் அது இளகிக் கட்டையில் அப்பிக்கொள்ளும். கட்டை கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். போதாக்குறைக்குப் பெயின்ட் ஓரிடத்தில் உரிந்து, ஓரிடத்தில் ஒட்டி நிற்கும். பிரேக் ஒரு சுற்றில் வழுக்கும், ஒரு சுற்றில் வெடுக்கென்று பிடிக்கும். நனைந்த ரிம்மில் பிரேக் பிடிப்பு ஏற்கெனவே வெகுவாகக் குறையும். அதன் மேல் பெயின்ட்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த பால்காரர் ஒருவர் பொங்கல் பெயின்ட்டை ரிம் முழுக்க அழகாகப் பூசினார். ஒரு மாதம் கழித்துத் தூறல் விழுந்த காலையில், பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. காலை ஊன்றி, வேலி ஓரம் வண்டியைச் சாய்த்துத் தப்பித்தார். பால் போயிற்று, முழங்கை எலும்பு முறிந்தது, இரண்டு மாதம் கறவை வேலை வீட்டம்மா தலையில் விழுந்தது. அதே இடத்தில் எதிரே லாரி வந்திருந்தால்? தொப்பூர் கணவாய்ப் பக்கத்து இறக்கங்களைப் பற்றி ஓமலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போவது நம் வீட்டுப் பெண்பிள்ளையாகவும் இருக்கலாம்.

சரி, தேவையான சாமான்கள் என்ன? கம்பி பிரஷ் ஒன்று. எமரித் தாள், முரடு ஒன்று, நைசு ஒன்று. சலவை சோடா கொஞ்சம். ஒட்டு நாடா ஒரு சுருள். அரை அங்குல பிரஷ் ஒன்று. ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு சிறிய டப்பா, எனாமல் பெயின்ட் ஒரு சிறிய டப்பா, டர்பன்டைன் கொஞ்சம். ரிம்மின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர்தான். இரண்டு சக்கரத்துக்கும் 100 மில்லி பெயின்ட் தாராளம். பெரிய டப்பா வாங்கிப் பரணில் காய விட வேண்டாம்.

எந்தப் பெயின்ட்? சாதாரண எனாமல் போதும். வெள்ளி நிறம் வேண்டுமானால் அலுமினியப் பெயின்ட் நல்லது. அதிலுள்ள அலுமினியத் தூள் மீன் செதில் போல ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, ஓடு வேய்ந்த மாதிரி ஈரத்தைத் தடுக்கும். இருட்டில் போகிறவர்கள் வெள்ளை அல்லது மஞ்சள் பூசினால் பக்கவாட்டில் வருகிற வண்டிக்காரனுக்குச் சக்கரம் கண்ணில் படும். அதற்காகப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் வேண்டும்.

"துருவைத் தடுக்க ஏன் சிவப்புத் தூள் பிரைமர்? அதுவே துரு மாதிரி இருக்கிறதே" என்பீர்கள். உண்மைதான், அதுவும் இரும்பு ஆக்ஸைடுதான். ஆனால் அது மாற வேண்டிய அளவு மாறி முடிந்த பொருள். இனி அதற்குப் பிராண வாயு வேண்டியதில்லை. எண்ணெய்ப் பசையோடு கலந்து இரும்பின் மேல் இறுகப் படிந்து, மேல் பூச்சு ஒட்டுவதற்குப் பிடிமானமும் கொடுக்கும். பிரைமர் இல்லாமல் எனாமல் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும். தை முதல் பங்குனி வரை தோதான காலம். காலை வெயில் ஏறிப் பனி ஈரம் உலர்ந்த பின் ஆரம்பியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் மேல் தோல் மட்டும் காய்ந்து கொப்புளம் வரும். காற்றோட்டமான நிழலே சிறந்தது.

இப்போது செய்முறை.

முதல் நாள், சக்கரத்தைக் கழற்றி, வால்டியூபை எடுத்துக் காற்றை இறக்கி, டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் எடுத்துவிடுங்கள். டயரை நெம்ப அரிவாள் முனை வேண்டாம், டியூப் கிழியும். டயர் லீவர் அல்லது மழுங்கின கரண்டிக் காம்பு போதும். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் இப்போதே கடையில் கொடுத்து எடுத்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு நிப்பிளைத் திருகினால் பூச்சு உடையும்.

பிறகு கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டுங்கள். உரியத் தயாராக இருக்கும் முலாம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அதன் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும். கையில் சாக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணில் தூசி விழாமல் பாருங்கள், மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். அடுத்து முரட்டு எமரி, அதற்கு அடுத்து நைசு எமரி. உரியாமல் பளபளப்பாக இருக்கும் முலாமின் மேலும் எமரி போட்டு மங்கலாக்க வேண்டும். வழவழப்பான குரோமியத்தில் பெயின்ட் ஒட்டாது. சேப்பங்கிழங்கு இலை மேல் தண்ணீர் நிற்காத மாதிரிதான். கடையில் விற்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றுகிற வேலை வேண்டாம். அது நிப்பிள் ஓட்டையில் புகுந்து தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். கைக்கும் கண்ணுக்கும் கேடு.

பிறகு சலவை சோடா கரைத்த வெந்நீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, நல்ல தண்ணீரில் அலம்பி, துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் காய வையுங்கள். ரிம் காய்ந்ததும் பிரேக் படுகிற இடத்தில் சுற்றிலும் ஒட்டு நாடா ஒட்டிவிடுங்கள். வெறும் இரும்பைக் காய்ந்த அன்றைக்கே பிரைமரால் மூடிவிட வேண்டும். ஓர் இரவு விட்டால் பனியிலேயே மறுபடி துரு பூக்கும்.

சக்கரத்தின் அச்சை ஒரு கொம்பில் அல்லது கவட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். இடது கை சக்கரத்தை மெதுவாகச் சுற்றட்டும், செக்கு சுற்றுகிற வேகம் போதும். வலது கையில் பிரஷ் ஓரிடத்திலேயே இருக்கட்டும். பிரைமரை மெல்லிசாகப் பூசுங்கள். டயருக்குள் மறைகிற உட்பள்ளத்தை விட்டுவிடாதீர்கள். பஞ்சரில் புகுந்த தண்ணீர் தங்குவது அங்கேதான், துரு முதலில் துளைப்பதும் அங்கேதான். ஆனால் டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் தடிப்பாகப் பூசினால் டயர் சரியாக உட்காராது. நிப்பிள் மேலும் பூச வேண்டாம்.

பிரைமர் ஓர் இரவு, ஒரு பகல் காயட்டும். மறுநாள் நைசு எமரியால் லேசாகத் தடவி, தூசியைத் துடைத்து, எனாமல் முதல் பூச்சு. அடுத்த நாள் இரண்டாவது பூச்சு. தடிப்பாக ஒரே பூச்சு அடித்தால் வழியும், காயாது. மெல்லிசாக இரண்டு பூச்சுதான் நிற்கும். பெயின்ட் கெட்டியாக இருந்தால் டர்பன்டைன் கொஞ்சம் விடுங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் பிசுபிசுவென்று காயாமல் நிற்கும். டர்பன்டைன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, வைக்கோல் போர், பீடி மூன்றும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கடைசிப் பூச்சு அடித்து அரைமணி, ஒருமணிக்குள் ஒட்டு நாடாவை மெதுவாக உரித்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பின் உரித்தால் பெயின்ட்டும் கூட வரும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை டயர் போட வேண்டாம். ரிம் டேப் நைந்திருந்தால், பழைய டியூபை நீளப் பட்டையாக வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

வண்டியைப் பூட்டிய பிறகு, பிரேக் படும் இடத்தில் பெயின்ட் துளி இருந்தால் எமரியால் எடுத்து, சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பிரேக் கட்டை வழவழத்துப் போயிருந்தால் அதன் முகத்தையும் எமரியில் ஒரு தேய்ப்புத் தேயுங்கள், தேய்ந்து போயிருந்தால் மாற்றுங்கள். சுமை இல்லாமல், சமதரையில், தள்ளிக்கொண்டே முதலில் முன் பிரேக், பிறகு பின் பிரேக் பிடித்துப் பாருங்கள். சக்கரம் நின்றால்தான் ஏறி உட்கார வேண்டும். பெயின்ட் படாத அந்தப் பட்டை துருப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். தினமும் ஓடுகிற வண்டியில் கட்டையே அதைத் தேய்த்துச் சுத்தமாக வைத்திருக்கும். நிற்கிற வண்டியை வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவுவது மட்டும் கூடவே கூடாது. பிரேக்குக்கு எண்ணெயும் பகை.

கால்நடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பெயின்ட் பலவற்றில் ஈயம் உண்டு. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. 2017 நவம்பரிலிருந்து அது அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய டப்பா பரணில் கிடந்தால் அதைத் தொட வேண்டாம். புது டப்பாவிலும் ஈயம் சேர்க்காதது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மாடு, கன்று பெயின்ட் டப்பாவை நக்கும் குணம் உடையவை. ஈயம் உள்ளே போனால் கண் தெரியாமல் தடுமாறி, வலிப்பு வந்து செத்துப்போகும். சுரண்டின தூளைக் காகிதத்தில் கூட்டி எடுங்கள். பிரஷ்ஷைத் தொட்டியிலோ கிணற்றடியிலோ அலசாதீர்கள். டப்பாவை மாடும் குழந்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இது ஆண்கள் வேலை என்று தாய்மார்கள் ஒதுங்க வேண்டாம். 1991-92 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஓட்டத் தெரிந்தவருக்கு இந்தப் பராமரிப்பு ஒரு பெரிய வித்தையா? பள்ளிக்கூடம் விடுமுறையில் பிள்ளைகளையும் கூட வைத்துச் செய்யுங்கள். பிரேக் எங்கே தொடுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அதுவே பெரிய பாதுகாப்பு.

சுருக்கமாக மறுபடியும் சொல்கிறேன். புள்ளித் துருவுக்குப் புளி போதும். பரவின துருவுக்குப் பெயின்ட். அரித்த ரிம்மைத் தள்ளிவிடுங்கள். நன்றாகச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு, மெல்லிசாகப் பூசுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். பிரேக் கட்டை படும் இடத்தில் பெயின்ட்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இப்படிச் செய்த ரிம்மை வருஷம் ஒருமுறை பார்த்து, உரிந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் வண்டி இன்னும் பல காலம் உங்களுக்கு உழைக்கும்.